கம்பளியான் கரை ஏறினானா

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. பெண் வீட்டார் நாள் குறித்துவிட்டார்கள் என்று படித்ததும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலையை மறந்துபோனேன். பத்திரிகை அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகையைக் கம்பளிச்சாமி காலடியில் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். வைக்கிறேன். கடைசியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறாய். தீபாவளிக்கு நீ கோலாலம்பூரிலிருந்து சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தபோது, பேச்சுக்கு நடுவில் அப்பா ஏன் எழுந்து போனார், உங்கள் மேல் என்ன கோபம் என்று. அவர் இருந்தவரை நீ கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை. நான்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். லீவு நாளில் உட்கார்ந்து படி.

அன்றைக்கு நீங்கள் எல்லோரும் முறுக்கைத் தின்றுகொண்டே, வாரப் பத்திரிகையில் வரும் ஏதோ தொடர்கதையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். கதாநாயகன் மலையிலிருந்து விழுந்துவிட்டான், அவன் செத்தானா இல்லையா என்பதுதான் சண்டை. ஒரு பையன், அவன் மனுசனே இல்லை, சாமி, முன்னாடியே மூன்று இடத்தில் சாடையாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். இன்னொருவன், அவன் முதல் வாரத்திலேயே செத்துவிட்டான், நாம் இத்தனை நாளாகப் படிப்பது அவனுடைய ஆவியின் கதை என்றான். நீ சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "எழுதுறவனே நேர்ல வந்து செத்துட்டான்னு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்லா. அவனுக்கு என்ன தெரியும்?" என்றாய். அப்போதுதான் அப்பா கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அது கோபம் இல்லை தம்பி. அதே வார்த்தையை ஒருத்தி அவர் முகத்துக்கு நேரே சொல்லி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

உனக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவுக்கு முன்னால் எனக்கு ஒரு வீட்டுக்காரர் இருந்தார். பேர் முத்தையா. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் கூட்டத்தில் வேலை. நானும் அவரும் சேர்ந்து வாழ்ந்தது கொஞ்ச காலம்தான். உன் அப்பா அவருடைய சிநேகிதர். பக்கத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருந்தார், பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சோறு. நீ பார்த்த அப்பா வேறு. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கதை கேட்டு மடியில் ஏறுவாய், அவர் "அம்மாகிட்டக் கேளு" என்று இறக்கிவிடுவார். அப்பாவுக்குக் கதையே தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் கூடச் சொல்லிவிட்டு வந்தாய். இந்த மலையில் அவரைப் போலக் கதை சொன்னவர் யாரும் இருந்ததில்லை.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரைமார்கள் ஓடிவிட்டார்கள். தேயிலையை வாங்க ஆள் இல்லை. தொழிற்சாலை நின்றுபோனது. நல்ல நல்ல செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்தச் சரிவில் சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் நட்டோம். கோணிச் சாக்கைக் கிழித்து உடுத்தினோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டால் எல்லோரும் தொழிற்சாலையின் மேல்மாடியில், கொழுந்து வாட்டும் இடத்தில் போய் உட்காருவோம். காலியாகக் கிடந்தாலும் பலகையில் தேயிலை வாசம் போகவில்லை. அங்கேதான் உன் அப்பா கம்பளியான் கதையை ஆரம்பித்தார்.

ஆமாம் தம்பி. கம்பளிச்சாமி என்று நீ விழுந்து கும்பிடுகிறாயே, அவரேதான். உன் அப்பா வாயிலிருந்து பிறந்தவர்.

கதையில் அவன் சாமி இல்லை. மலைமலையாக நடந்துபோகும் ஒரு ஆள். தலையோடு ஒரு கம்பளியைப் போர்த்தியிருப்பான், மழைக்கு நாங்கள் எல்லோரும் போர்த்துவதுபோல. முகத்தை யாரும் பார்த்ததில்லை. பனி இறங்கும்போது ஏதாவது ஒரு தோட்டத்துக்குள் வருவான். அங்கே யாருக்கோ அநியாயம் நடந்திருக்கும். அதைச் சரிசெய்துவிட்டுப் பேர் சொல்லாமல் போய்விடுவான். அவ்வளவுதான் கதை. ஆனால் வாரத்துக்கு வாரம் எங்களுக்கு வெறி பிடித்தது. திங்கட்கிழமை காலையிலிருந்து கிழங்குக் கொல்லையில் அவன் பேச்சுத்தான்.

பக்கத்து வீட்டு லூர்தம்மா இருந்தாள், வேதக்காரக் குடும்பம். எனக்கு அக்கா மாதிரி. அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள், கம்பளியான் எந்த வாரத்திலும் சாப்பிட்டதே இல்லை என்று. "முந்தா வாரம் கடையில ரொட்டி வாங்கினானே" என்றேன். அடுத்த ஞாயிறு அவள் அதை உன் அப்பாவிடமே கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டு, "வாங்கினான்னுதான் சொன்னேன். தின்னான்னு சொல்லலையே" என்றார். அவ்வளவுதான், லூர்தம்மாவுக்கு முடிவாகிவிட்டது. பசி இல்லாதவன் மனுசன் இல்லை, அவனுக்குச் சாவே கிடையாது என்றாள். அவள் வீட்டுக்காரர் சவரிமுத்து வேறு மாதிரி சொன்னார். இந்த மலைக்கு ரோடு போட்டபோது மண் சரிந்து செத்தவர்களில் ஒருவன்தான் கம்பளியான், செத்தது அவனுக்கே தெரியாது, அதனால்தான் நாய்கள் அவனைப் பார்த்துக் குரைப்பதில்லை என்றார். கங்காணி, சக்தியெல்லாம் கம்பளிக்குள் இருக்கிறது, அதை உருவிவிட்டால் அவனும் நம்மை மாதிரித்தான் என்பார். அவரவர் வாதத்துக்குச் சாட்சி எடுக்க ஒவ்வொரு சொல்லையும் பிடித்து வைத்திருப்பார்கள்.

முத்தையா மட்டும் எதிலும் சேரமாட்டார். "அவன் மனுசன்தான். சாவான்" என்பார். லூர்தம்மா விடமாட்டாள். "சாகுறவனுக்கு என்னண்ணே இவ்வளவு தைரியம்?" அவர் மெதுவாகத்தான் பேசுவார். "சாகாதவனுக்குத் தைரியம் எதுக்கு லூர்து? அது வேணுங்கிறது சாகுறவனுக்குத்தானே." உன் அப்பா அதைக் கேட்டு வைத்துக்கொள்வார். பிறகு எங்கள் வீட்டில் சாப்பிட உட்காரும்போது, "முத்து, அடுத்த வாரம் அவன் என்னடா செய்யட்டும்?" என்று கேட்பார். இரண்டு பேருமாக யோசிப்பார்கள். நான் கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடைசியாக அவர் சொன்ன ஞாயிறு நல்ல மழை. கம்பளியான் ஒரு பெண்பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கயிற்றுப் பாலத்தில் ஆற்றைக் கடக்கிறான். கயிறு அறுந்துவிடுகிறது. பிள்ளையைக் கரைக்குத் தூக்கி எறிந்துவிட்டு அவன் தண்ணீரில் போய்விடுகிறான். கீழே, பாறை இடுக்கில், அவன் கம்பளி மட்டும் சிக்கிக் கிடக்கிறது. அதோடு நிறுத்திவிட்டு, "மீதி அடுத்த ஞாயித்துக்கிழமை" என்றார். எல்லோரும் ஒரே சத்தம். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வாரத்திலேயே லாரி வந்தது. அரிசியும் துணியும் கொடுக்கப்போகிறார்கள், ஆம்பிளைகள் எல்லாரும் தொழிற்சாலைக்கு வரவேண்டும் என்று தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஆள் அனுப்பியிருந்தார். போனவர்களை வரிசையில் நிறுத்தினார்கள். சயாமில் ரயில் ரோடு வேலை, மூன்று மாசத்தில் திரும்பிவிடலாம், ஆளுக்கு ஒரு கம்பளி எடுத்துக்கொண்டால் போதும் என்றார்கள். நான் வீட்டுக்கு ஓடி எங்கள் கம்பளியை எடுத்துவந்து முத்தையாவிடம் நீட்டினேன். உன் அப்பாவிடம் கம்பளி இல்லை, சாக்குத்தான். முத்தையா தன்னுடையதில் பாதியை அவர் தோளிலும் போட்டு இழுத்துக்கொண்டார். லாரி உறுமத் தொடங்கியதும் லூர்தம்மா சவரிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டே உன் அப்பாவைப் பார்த்து, "அண்ணே, அவன் என்ன ஆனான்னு சொல்லிட்டுப் போங்க" என்றாள். அழுதுகொண்டேதான் கேட்டாள். அவர், "வந்து சொல்றேம்மா" என்றார். லாரி ரிங்லெட் பக்கமாக இறங்கிப் போனது. மலைக்குக் கீழே தாப்பாவில் ரயில் ஏற்றினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

மூன்று மாசம் போனது. அதற்கு மேலும் போனது. தகவல் இல்லை. எங்களில் யாரும் நம் ஆம்பிளைகள் இருக்கிறார்களா செத்தார்களா என்று வாய்விட்டுக் கேட்கமாட்டோம். அதைச் சொன்னால் பலித்துவிடும் என்று பயம். கிழங்கு தோண்டும்போது கம்பளியானைப் பற்றித்தான் பேசினோம். கம்பளி தனியாக ஒதுங்கியது என்றால் ஆள் அதைக் கழற்றிப் போட்டு நீந்திவிட்டான் என்று அர்த்தம் என்பாள் ஒருத்தி. சக்தி அதில்தானே இருந்தது, அது போனபிறகு எங்கே நீந்துவது என்பாள் இன்னொருத்தி. அப்படிச் சொன்னவளோடு மற்றவர்கள் நாள்கணக்கில் பேசமாட்டார்கள். கதையிலிருந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, அவன் சாகவில்லை, சாகமுடியாது என்று காட்டினாள் லூர்தம்மா. எங்களுக்கு அது சோறு மாதிரி இருந்தது.

ஒருநாள் ஆற்று வளைவில், இப்போது கோயில் இருக்கும் அந்தப் பெரிய பாறைக்குப் பக்கத்து மரத்தில் ஒரு கிழிந்த கம்பளி தொங்கியது. யார் கட்டினார்கள் என்று இன்றுவரை தெரியாது. லூர்தம்மா தான் இல்லை என்று சத்தியம் செய்தாள். அடுத்த நாள் பாறைமேல் ஒரு வெந்த கிழங்கு இருந்தது. அதற்கடுத்த நாள் பூ. காய்ச்சலில் கிடந்த ஒரு பிள்ளையை அங்கே கொண்டுபோய்க் கிடத்தினார்கள், பிள்ளை பிழைத்துக்கொண்டது. அப்புறம் கேட்கவா வேண்டும். கோயில் பூசாரி இப்படி ஒரு சாமியே கிடையாது என்று சத்தம் போட்டார், அவர் மகனும் சயாமுக்குப் போயிருந்தான், கொஞ்ச நாளில் அவரே வந்து பாறைக்குத் திருநீறு பூசினார். கம்பளியான் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பது என் வீட்டுச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் முடிவானதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நானும் கிழங்கு வைத்தேன். நின்று கும்பிட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. இதை உன் அப்பாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். ஒரு சாயங்காலம், பனி இறங்கிக்கொண்டிருந்த நேரம், பிடுங்காமல் விட்ட தேயிலைக்கு நடுவே ஒரு ஆள் நின்றிருந்தார். தலையோடு போர்த்தியிருந்தார். காட்டில் ஒளிந்திருந்த யாராவதாக இருக்கலாம், அப்படி ஆட்கள் அப்போது இருந்தார்கள். ஆனால் நிற்கிற நிலை முத்தையா மாதிரியே இருந்தது, ஒரு காலைச் சற்றுத் தாங்கி. "என்னங்க" என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பனிதான் இருந்தது. பிறகு செடிகளுக்கு நடுவே மேலே ஏறிப் போய்விட்டார். எங்கள் லயத்து நாய் என் பக்கத்திலேயே நின்றது. அது குரைக்கவில்லை. நான் வீட்டுக்குப் போய் அடுப்பை மூட்டி, அவருக்கும் சேர்த்துச் சமைத்தேன்.

சண்டை முடிந்து ஜப்பான்காரன் போனபிறகும் வெகுநாள் கழித்து உன் அப்பா ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். தாப்பாவிலிருந்து பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் காய்கறி லாரியிலும் வந்திருந்தார். காலில் எலும்பு தெரியும் புண். அந்தத் தழும்பை நீ பார்த்திருக்கிறாய், கத்தி வெட்டு என்று உன்னிடம் சொல்லியிருந்தார். பெண்கள் எல்லோரும் ஓடிவந்து சூழ்ந்துகொண்டோம். அவருக்குப் பின்னால் ரோட்டில் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தோம். யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் எங்கே என்று ஒருத்தி வாயிலிருந்தும் வரவில்லை. லூர்தம்மாதான் கேட்டாள். "அண்ணே, கம்பளியான் கரையேறுனானா?"

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இல்லம்மா," என்றார். "ஆத்துலயே செத்துட்டான்."

யாரும் அழவில்லை. லூர்தம்மா அவருக்கு அருகே வந்து நின்றாள். "நீங்க கண்ணால பாத்தீங்களா?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பாக்கலை இல்ல? கதைய நீங்க சொன்னீங்க, அவ்வளவுதான். அவன் சாவப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? நீங்களே சொன்னாலும் நான் நம்பமாட்டேன்." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அன்றிலிருந்து அவள் உன் அப்பாவோடு பேசவில்லை.

நான் மட்டும் நின்றேன். "எங்க வீட்டுக்காரர்?" என்று கேட்டேன். ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்து அவர் சொன்னார். மூங்கில் கொட்டாய், முழங்கால் சேறு, ஓயாத மழை, பக்கத்தில் ஒரு ஆறு. வேலை முடிந்து விழுந்து கிடக்கும்போது ஆட்கள் கம்பளியானைக் கேட்பார்களாம். அவனைச் சாமியாக்கு என்பான் ஒருவன், எழும்பி வந்து இந்த ஜப்பான்காரன்களையெல்லாம் அடிக்கட்டும் என்பான் இன்னொருவன். இவர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார். சவரிமுத்துவை மற்ற நோயாளிகளோடு படகில் ஏற்றி வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். ஏறும்போது அவர் கேட்டார், "கரையேறிட்டான்" என்று இவர் சொல்லி அனுப்பினார். அந்தப் படகில் போனவர்கள் யாரும் திரும்பவில்லை. முத்தையாவுக்கு வாந்திபேதி. இவர் மடியில்தான் தலை. அவருக்கும் அதையேதான் சொன்னாராம், கம்பளியான் கரையேறிவிட்டான், வீட்டைப் பார்த்து மலை ஏறிக்கொண்டிருக்கிறான் என்று. முத்தையா கண்ணைத் திறக்காமலே, "கம்பளிய ஆத்துல விட்டுட்டானே. குளிருமேடா" என்றாராம். அதுதான் கடைசிப் பேச்சு.

நான் தாலியைக் கழற்றி வைத்தேன். பிறகு சில வருஷம் போனது, உன் அப்பாவும் நானும் சேர்ந்தோம், நீ பிறந்தாய். அவர் அதற்கப்புறம் ஒரு கதையும் சொல்லவில்லை. பாறைக்குக் கூரை போட்டார்கள், பிறகு தகரம், பிறகு திருவிழா. கியா பார்மிலிருந்து இறங்கும் காய்கறி லாரிக்காரர்கள் தேங்காய் உடைக்காமல் அந்த வளைவைத் தாண்டுவதில்லை. காடு வெட்ட ஊரிலிருந்து கப்பலில் வந்த முதல் கூட்டத்தோடு வந்த சாமி என்று தலவரலாறு வேறு சொல்கிறார்கள். திருவிழா அன்று உன் அப்பா பிரிஞ்சாங் டவுனுக்குச் சாமான் வாங்கப் போய்விடுவார். நீ நெற்றி நிறையத் திருநீறோடு வந்து நின்றால் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். அவர் சொல்லாததை நானும் சொல்லவில்லை.

நீங்கள் வாதம் செய்த அன்று நான் அவர் பின்னாலேயே போனேன். சரிவில் இறங்கும் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். "அந்தக் கதையில நெசமா என்னதான் ஆச்சு? அவன் செத்தானா, இல்லையா?"

"தெரியாது," என்றார். "அந்த ஞாயித்துக்கிழமை நான் மேல யோசிச்சே வைக்கல. முத்துகிட்டக் கேட்டுக்கலாம்னு இருந்தேன்."

"பின்ன ஏன் செத்துட்டான்னு சொன்னீங்க?"

"ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, உன் புருசன் செத்துட்டான்னு சொல்ல வாய் வரல. அவங்க அப்படிக் கேட்டாங்க, நானும் அப்படியே சொல்லிட்டேன். லூர்து சொன்னதுதான் சரி. எனக்கு என்ன தெரியும்?" வீட்டுக்குள்ளே நீங்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

தம்பி, கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்தது இதுதான். உன் பெண்டாட்டி ஒன்றைச் சுற்றிச் சுற்றிக் கேட்டால், அவள் கேட்கிறது அதுவாக இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, எது அவள் மனசில் இருக்கிறது என்று கேள். கெட்ட சேதி சொல்ல வேண்டி வந்தால் நேராகச் சொல், சொல்லிவிட்டு எழுந்து போகாதே. அவள் எந்தக் கல்லைக் கும்பிட்டாலும் அதைக் கல் என்று நிரூபிக்கப் போகாதே. கதை தெரிந்த நானே அந்தப் பாறையில் கிழங்கு வைத்தவள். இப்போது நீ தெரிந்துகொண்டாய். நீயும் முன்போலவே கும்பிடலாம், கும்பிடாமலும் இருக்கலாம். உன் இஷ்டம். பத்திரிகையை வைக்கப்போகும்போது லூர்தம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். கழுத்தில் இன்றுவரை கழற்றாத சிலுவைத் தாலியோடு அவள் அந்தத் தகரக் கூரைக்குக் கீழேதான் பொழுதைப் போக்குகிறாள்.

அப்பாவைக் கிடத்தியிருந்தபோது ஒரு கிழவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குனிந்து, அவர் காதில் ஏதோ சொன்னதைப் பார்த்து என்ன சொன்னாள் என்று கேட்டாயே, அந்தக் கிழவிதான் லூர்தம்மா. நான் தலைமாட்டில் இருந்ததால் எனக்குக் கேட்டது. "அண்ணே, அவன் அங்க இருக்கானான்னு இப்ப நேர்ல பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள். அதற்குப் பிறகு எங்கே என்னைக் கண்டாலும் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்விதான். "தங்கச்சி, அவரு கனவுல வந்தாரா? என்ன சொன்னாரு?" இன்னும் வரவில்லை அக்கா என்று சொல்லி அனுப்புவேன்.

போன வெள்ளிக்கிழமை விடியும் நேரத்தில் வந்தார். அடுப்படி வாசலில் நின்றார், காலில் தழும்புகூட இல்லை, நன்றாக இருந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவசரத்தில், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். விழிப்பு வந்துவிட்டது. லூர்தம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அம்மா